ஒளித்து வைத்த தடிப்பு

கில்பட்டின் குரல் எனக்கு இரண்டு தடவை கேட்டது. முதலில் கிடுகு வேலிக்கு அப்பாலிருந்து, காற்று வழியாக. பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி, என் லப்டொப் வழியாக. ஆகவே அவர் சொன்னதை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று என்னை ஏமாற்றிக்கொள்ளக்கூட இடமிருக்கவில்லை.

“காந்தப் பக்கத்தில் இன்னும் நாலு மில்லிமீட்டர் இருக்கிறது,” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். “அலுமினிய மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்திருக்கின்றன. கணக்கில் அது சேர்க்கப்படவில்லை. சுருளை மெல்லியதாக்கலாம்.”

திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. என் கணவர் பேசி முடித்துத் தண்ணீர் குடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பதை நானே பார்த்தேன்.

தங்கை ஷானிகாவின் கலியாணத்துக்காக நாங்கள் ஒரு மாத லீவில் கல்பிட்டிக் கரையிலிருக்கும் என் ஊரான கண்டக்குழிக்கு வந்திருந்தோம். இந்த மீளாய்வுக் கூட்டத்தை மட்டும் தள்ளிப்போட முடியவில்லை. அம்மா வீட்டில் சிக்னல் விட்டுவிட்டு வரும். என் ஒன்றுவிட்ட தம்பி றொபியின் லொட்ஜில், பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்காக நல்ல இணைப்பும் ஜெனரேட்டரும் இருந்தன. ஒரே அறையில் இரண்டு மைக்குகள் திறந்தால் கீச்சிடும் என்று கில்பட்தான் ஆளுக்கொரு கபானா, வேலி பிரித்த தனிக் குடில், கேட்டார்.

“புருசன் பெண்சாதிக்கு ரெண்டு கபானாவோ?” என்று றொபி சிரித்தான். “கலியாண வீட்டுக்கு வந்து சண்டையே, அத்தான்?”

“கூட்டத்திலதானடா சண்டை. உன்ர அக்கா ஒரு தகடும் விட்டுத்தர மாட்டா,” என்றார் கில்பட். நானும் சிரித்தேன். அது இரண்டு நாட்களுக்கு முன்.

நான் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. ஐரோப்பாவில், நிலத்துக்கு அடியில், துணிக்கைகளை மோதவிட்டுப் பார்க்கும் ஓர் ஆய்வுகூடம். மோதும் இடத்தைச் சுற்றி நிற்கப்போகும் பெரிய உணர்கருவிக்கு ஒரு காந்தம் வேண்டும். அதை வடிவமைக்கும் குழுவுக்கு நான் பொறுப்பு. லொறி ஒன்று உள்ளே நுழையக்கூடிய அகலமான சுருள். திரவ ஹீலியத்தால் கடுங்குளிராக்கினால் அதிலுள்ள மீக்கடத்திக் கம்பி தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கொண்டுபோகும். அந்தக் கம்பியைச் சுற்றி மிகத் தூய்மையான அலுமினியம் வார்த்திருக்கும். எங்காவது ஒரு புள்ளி கொஞ்சம் சூடேறி மீக்கடத்தும் தன்மையை இழந்துவிட்டால், மின்னோட்டம் உடனே அலுமினியத்துக்குள் இறங்கிக்கொள்ளும். காந்தத்தைப் பத்திரமாக அணைக்க நேரம் கிடைக்கும். அலுமினியம் மெலிந்தால் அந்த நேரமும் மெலியும். அதற்குள் அணைக்காவிட்டால் அந்தப் புள்ளி எரிந்துபோகும். சுருளைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டுவார்கள். எரிந்த சுருளைத் திருத்துவதென்றால் முழுக் கருவியையும் பிரிக்க வேண்டும்.

கில்பட் கலோரிமானிக் குழுவில் இருக்கிறார். என் சுருளுக்கு வெளியே நின்று, அதைக் கடந்து வரும் துணிக்கைகளின் சக்தியை அளப்பது அவர்களுடைய கருவி. துணிக்கை என் அலுமினியத்தைக் கடக்கும்போது சக்தியில் கொஞ்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. அவர்கள் அளக்க நினைப்பதை நான் முன்னால் நின்று மறைக்கிறேன். சுருள் தடிப்பாக இருக்க வேண்டும் என்பது என் வேலை. மெல்லியதாக வேண்டும் என்பது அவருடைய வேலை. இதை வைத்து நாங்கள் எவ்வளவு பகிடி விட்டிருக்கிறோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குழுவும் தன் கணக்குக்குள் கொஞ்ச இடத்தை ஒளித்து வைக்கும். பொருளின் தரத்தைக் குறைத்துப் போடுவது, பாரத்தைக் கூட்டிப் போடுவது, இப்படி ஏதாவது. எல்லோருக்கும் அது தெரியும், யாரும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் கொடுக்க வேண்டிவரும். கொடுத்து முடிந்தபின் எங்கோ ஒரு வெல்டிங் பிழையாகப் போனால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஒளிப்பது அங்கே ஒரு மரியாதை. மற்றவனின் ஒளிப்பிடம் தற்செயலாகத் தெரியவந்தால் பார்க்காததுபோல் போய்விடுவதும் மரியாதை.

எனக்கும் கில்பட்டுக்கும் கலியாணப் பேச்சே இல்லாத காலத்தில், ஆய்வுகூடத்தின் கன்டீனில், அவர் தன் குழுவின் உண்மையான எண்ணை எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. தட்டில் உருளைக்கிழங்கைப் பிளந்துகொண்டே, தமிழில், வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு முகம் சூடேறியது ஞாபகம். அந்தப் பெரிய கட்டடத்தில் தமிழ் விளங்கியது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். அதற்குப் பிறகு நான் என்னுடையதைச் சொன்னேன். இத்தனை வருடமாக ஒருவருக்கொருவர் சொல்லி வந்திருக்கிறோம். கலியாணம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், தேவாலயத்தையோ வீட்டையோ நான் நினைத்திருக்க மாட்டேன். உண்மையான எண்ணைச் சொல்லிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்க முடிகிற ஓர் ஆள் இருப்பது என்றுதான் நினைத்திருப்பேன்.

நாலு மில்லிமீட்டரை அவருக்கு நான் சொன்னது போன கிழமை, பாலாவிச் சந்தியில். புத்தளத்துக்குப் போய் ஷானிகாவின் சாரிக்கு ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு, கல்பிட்டி பஸ்ஸுக்காக நின்றோம். சீமெந்து லொறிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. உப்பளப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் கண் கூசியது. கில்பட் தெம்பிலி இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

“உண்மையா எவ்வளவு கிடக்கு, றஜி?”

“எதில?”

“சுருளில. சும்மாதான் கேக்கிறன்.”

“நாலு மில்லி. மாதிரியெல்லாம் அவ்வளவு நல்லா வந்திருக்கு. ஆனா அது அப்பிடியே கிடக்க வேணும்.”

“ஏன்?”

“கரண்டை ஏத்தி இறக்கிற ஒவ்வொரு தரமும் அலுமினியம் இழுபடுமெல்லோ. இழுபட இழுபடக் கடத்திறது குறையும். முதல் வருசம் ஒண்டும் தெரியாது. எத்தினையோ வருசம் போனாப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் நானும் இருக்க மாட்டன், நீங்களும் இருக்க மாட்டீங்க.”

“கெட்டிக்காரி,” என்றார். லேஞ்சியை எடுத்து என் கன்னத்தில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற மனுசி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது.

இப்போது திரையில், கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஹெல்கா என்னைப் பார்த்தாள். கடுமையான பெண், நேர்மையானவள். “றஜிதா, கில்பட் சொல்வது சரியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் போதும், பொய்க்காரர் அவராகியிருப்பார். ஆனால் எண்ணைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பொய் வராது. ஒளிக்கத் தெரியும், பொய் சொல்லத் தெரியாது. “சரி,” என்றேன். அந்த நாலு மில்லிமீட்டர் ஏன் இருக்க வேண்டும் என்று சொன்னேன். பாலாவியில் சொன்ன அதே விளக்கம். இந்தத் தடவை யாரும் என் கன்னத்தைத் துடைக்கவில்லை.

“அலுமினியம் அவ்வளவு தேயும் என்பதற்குச் சோதனை முடிவு இருக்கிறதா?”

“இந்தக் கம்பிக்கு இன்னும் இல்லை. கேட்டிருக்கிறேன். அடுத்த வருடம்தான் முடியும்.”

“அப்படியானால் இன்றைக்கு அது உன் பயம் மட்டும்,” என்றாள் ஹெல்கா. அவள் அதை இளக்காரமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

அப்போது கலோரிமானிக் குழுவின் லூக்கா கலகலவென்று சிரித்தான். நல்ல பையன், வாயில் எதுவும் நிற்காது. “லீவில் போகும்போதே கில்பட் சொன்னார், ஊரிலிருந்து சரியான எண்ணோடு வருகிறேன் என்று. சொன்னபடி செய்துவிட்டார்!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கில்பட்டின் சதுரத்தில் அவர் குனிந்து எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

அதுவரைக்கும் நான் அவருக்காக ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கூட்டத்தில் நெருக்கிக் கேட்டிருப்பார்கள், வாய் தவறியிருக்கும், பிறகு வந்து மன்னிப்புக் கேட்பார் என்று. லூக்காவின் ஒரு வரியில் அந்தக் கதை முடிந்துபோனது. தெம்பிலி, லேஞ்சி, ‘சும்மாதான் கேக்கிறன்’ எல்லாம் வரிசையாக வந்து வேறு முகத்தைக் காட்டின. பிளேன் ஏறும் முன்பே அவர் என்னிடம் கேட்பதாக முடிவெடுத்திருந்தார்.

“நாளைக்கு முடிவெடுப்போம்,” என்றாள் ஹெல்கா. “அதற்கு முன், வேறு எந்தக் குழுவாவது கணக்கில் காட்டாமல் ஏதாவது வைத்திருந்தால் இப்போதே சொல்லுங்கள். இது எல்லோருக்கும்தான்.”

எனக்குத் தெரியும். கில்பட்டின் கருவிக்கு முன்னால் ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. என் சுருளில் துணிக்கை இழந்துவிட்டு வரும் சக்தியை அது மதிப்பிட்டுத் திருத்திக்கொடுக்கும். அந்தத் திருத்தம் அவர்கள் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக வேலை செய்கிறது. அதை அவர்கள் வெளிக்காட்டிய முடிவுகளில் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் சுருள் இப்போதிருக்கும் தடிப்பிலேயே நிற்கலாம், அவர்களுக்கு ஒரு குறையும் வராது. போன வருடம் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டு கில்பட்தான் இதைச் சொன்னார்.

வேலிக்கு அப்பால் அதுவரை கீறிச்சென்று ஆடிக்கொண்டிருந்த கதிரை நின்றது. அவர் அசையாமல் காத்திருந்தார். என் விரல் மைக் பொத்தானின் மேல் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கதிரை மறுபடி ஆடியது.

கூட்டம் முடிந்ததும் அவர் என் கபானா வாசலுக்கு வந்தார். “கோவமா?”

“லூக்கா சொன்னது உண்மையா?”

“அவன் பகிடிக்காரன்.”

“உண்மையா எண்டு கேட்டனான்.”

வெளியே யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெட்டை பட்டத்தின் கயிறைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கில்பட் அவளையே பார்த்தார். “போற நேரம் ஒரு கதைக்குச் சொன்னனான். எப்பிடியும் நீ எனக்குச் சொல்லுவாய் எண்டு தெரியும்தானே.”

“கூட்டத்துக்கு முதல் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ விட்டிருக்க மாட்டாய்.”

“உங்களுக்கு அந்த நாலு மில்லி தேவையுமில்ல. முன்னடுக்கு இருக்கு.”

“தேவையில்லத்தான். ஆனா கிடைச்சா எங்கட முடிவு வடிவா வரும். அடுத்த மாசம் குழுவுக்குப் புதுத் தலைவர் எடுக்கிறாங்க, உனக்குத் தெரியும். ஒண்டும் எரியாது, றஜி. நீ எல்லாத்துக்கும் பயப்பிடுற ஆள்.” பிறகு குரலை இறக்கி, மெதுவாக, ஏறக்குறைய அன்பாகச் சொன்னார்: “ஹெல்கா கேக்கேக்க நீ வாய் திறக்க மாட்டாய் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். அதுதான் நீ.”

அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். என் எண்ணை எடுத்தது ஒரு பக்கம். என் வாய் திறக்காது என்பதையும் அவர் முன்கூட்டியே கணக்கில் போட்டிருந்தார். என் விசுவாசம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அளந்து பார்த்து, அதன்மேல் காலை வைத்து ஏறி நின்றிருந்தார். இத்தனை வருடமும் என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அன்பினால் தெரிந்தது என்று நான் நினைத்திருந்தேனே.

“நாளைக்கு நீங்களே சொல்லுங்க,” என்றேன். “முன்னடுக்கை. சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

“விளையாடாத.”

“இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு சொல்லேல்ல எண்டு கதைக்காதீங்க.”

அவர் சிரித்தார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அம்மா வீட்டில் கலியாணப் பலகாரத்துக்குக் கொக்கிஸ் சுட்டார்கள். குசினி முழுக்கப் பெண்கள். கில்பட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய எண்ணெய்த் தாச்சியை இறக்கிக்கொடுத்தார், மாமிமாரின் பகிடிக்கெல்லாம் பதில் சொன்னார்.

“பிரான்சிஸ்கா அக்கா, உங்கட மருமகன் தங்கம்,” என்றாள் பக்கத்து வீட்டு சுதர்சினி.

“ஓமோம், இவள்தான் மூஞ்சிய நீட்டிக்கொண்டு இருக்கிறாள்,” என்றா அம்மா. “வீட்டிலயும் அவர், வேலையிலயும் அவர். அலுத்துப்போச்சுதோடி?”

“அம்மா, மா கட்டியாக் கிடக்கு, பாருங்க.”

“கதைய மாத்தாத. என்ன, சண்டையே?”

நான் என்ன சொல்வேன். அவர் வேறொரு பெண்ணோடு போனார் என்றால் அம்மாவுக்கு விளங்கும். அடித்தார், குடித்தார் என்றால் குசினியிலிருக்கும் அத்தனை பேரும் எனக்காக அழுவார்கள். நாலு மில்லிமீட்டர் அலுமினியம் என்றால்? எனக்கே ஒரு கணம் அது சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. தாச்சியின் சூட்டில் கண் எரிந்தது நல்லதாகப் போயிற்று. தேவாலயத்தில் மற்றவர்கள் முன்னால் சொன்ன வாக்கு எதையும் அவர் மீறவில்லை. நாங்களாகவே, யாருக்கும் தெரியாமல், ஒரு சொல்லும் பேசாமல் செய்துகொண்ட ஒன்றைத்தான் மீறினார். அதற்குச் சாட்சிகள் இல்லை. அவருக்கு அப்படி ஒன்று இருந்தது என்றாவது தெரியுமா?

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அதே கபானாக்கள். ஐரோப்பாவில் அப்போதுதான் காலை. ஹெல்காவின் கையில் கோப்பிக் குவளை இருந்தது. மற்றக் காரியங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் அவள் சொன்னாள்: “சுருளின் தடிப்பு. நேற்றைய தகவலின்படி நாலு மில்லிமீட்டர் குறைத்து அடுத்த வடிவம் வரையப்படும். முடிவெடுக்க முன் யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா?”

நான் காத்திருந்தேன். அவர் சொல்வார் என்று உண்மையாகவே நம்பினேன். சொல்லிவிட்டால் என் சுருளோடு எங்களுக்கும் ஏதோ மிஞ்சும் என்று நினைத்தேன். கில்பட் தன் கமெராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் அமைதியாக இருந்தது. என்னை நம்பிய முகம் அது.

மைக்கைத் திறந்தேன். “கலோரிமானியின் முன்னடுக்குத் திருத்தத்தின் முழுப் பலனையும் அந்தக் குழு இன்னும் காட்டவில்லை. அதைச் சேர்த்தால் இப்போதைய தடிப்போடேயே அவர்களுக்கு வேண்டிய துல்லியம் கிடைக்கும்.”

ஹெல்கா குவளையைக் கீழே வைத்தாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

“கில்பட் சொன்னார். வீட்டில்.”

யாரும் சிரிக்கவில்லை. லூக்காகூட மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் என்ற அந்தச் சொல், இத்தனை பேருக்கு நடுவில், உடுப்பில்லாமல் நின்றதுபோல இருந்தது.

“கில்பட்?”

“ஓரளவுக்கு… சரி,” என்றார் அவர்.

ஹெல்கா முடிவுகளைச் சொன்னாள். கம்பியின் தேய்மானச் சோதனையை முன்னுக்குக் கொண்டுவந்து இந்த வருடமே செய்வது. அது முடியும்வரை சுருளின் தடிப்பைத் தொடுவதில்லை. முன்னடுக்கின் முழு முடிவையும் கலோரிமானிக் குழு சமர்ப்பிப்பது. அவ்வளவுதான். முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

என் சுருள் தப்பிவிட்டது. அதைச் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். ஒன்றும் எழும்பவில்லை.

கில்பட் வாசலுக்கு வந்து நிலையில் சாய்ந்து நின்றார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது, ஆனால் அவர் தலையைத்தான் ஆட்டினார். “சரி. நான் ஒண்டு செய்தன், நீ ஒண்டு செய்தாய். இப்ப சமன்தானே?”

“நான் உங்களுக்கு நேத்தே சொன்னனான்.”

“சொன்னாய்தான். ஆனா செய்வாய் எண்டு நான் நினைக்கேல்ல.”

“அது எனக்குத் தெரியும்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது றொபி மணலில் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்தான். “அத்தான், கூட்டம் முடிஞ்சா ஒரு கை பிடிங்க. இந்தக் கதிரையெல்லாம் கலியாண வீட்டுக்குப் போகவேணும். அக்கா, உங்கட காந்தத்தத் தாங்களன், எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்துக்கொண்டு போகலாம்!”

“பிளாஸ்டிக் கதிரைடா. இழுபடாது,” என்றேன். என் குரல் சாதாரணமாகவே வந்தது. கில்பட் அவனோடு போனார்.

நான் கணினிக்குத் திரும்பினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. சோதனைக்கு எந்த மாதிரிகளை அனுப்புவது என்று பார்க்கத் தொடங்கி, கைக்கு வந்தபடி சுருளின் இரண்டு முனைகளிலும் கம்பி சுற்றும் ஒழுங்கை மாற்றி ஒரு கணக்கை ஓட்டினேன். மிக அதிகமாக இழுபடும் இடத்தில் இழுவிசை இறங்கியது. பிழையாக இருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் இறங்கியது. யாருக்கும் தெரியாத, யாரும் கேட்காத கொஞ்ச இடம் எனக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது. அந்தச் சந்தோசம் என்னைக் கேட்காமலே வந்தது. எவ்வளவோ நாட்களாக நான் தேடிக்கொண்டிருந்த இடம் அது.

வேலிக்கு அப்பால் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. லப்டொப்பை எடுக்கத் திரும்பி வந்திருந்தார்.

“கில்பட்!” என்று கூப்பிட்டுவிட்டேன்.

செருப்புச் சத்தம் நின்றது. “என்ன, றஜி?”

திரையில் அந்த எண் இருந்தது. தமிழில் சொல்ல எனக்கு ஒரு மூச்சுப் போதும்.

“ஒண்டுமில்ல,” என்றேன்.